தங்கத்தின் மானம் போன கதை

உலோகங்களிலேயே தலைக்கனம் பிடித்தது தங்கம். இரும்பு துருப்பிடிக்கும், செம்பு களிம்பேறும், வெள்ளி கறுத்துப்போகும். தங்கத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது. 1922-ல் எகிப்து ராஜா துத்தன்காமுனின் கல்லறையைத் திறந்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் வருஷத்தில் ராஜா கறுத்துச் சுருங்கிக் கருவாடாகியிருந்தார். அவர் முகத்தில் போட்டிருந்த தங்க முகமூடி மட்டும் நேற்றுத்தான் பத்தர் பட்டறையிலிருந்து வந்ததுபோல் பளபளத்தது. காற்று, தண்ணீர், உப்பு, எலுமிச்சம்பழச் சாறு, கந்தக அமிலம் எதையும் அது மதிப்பதில்லை. ரசவாதிகள் நைட்ரிக் அமிலத்தையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கலந்து ராஜ திராவகம் தயாரித்துத்தான் அதைக் கரைத்தார்கள். அதில்கூடத் தங்கத்துக்குப் பெரிய அவமானம் இல்லை. புகை கக்கும் இரண்டு அமிலங்கள் கூட்டுச் சேர்ந்து அடித்தால் யார்தான் விழமாட்டார்கள்?

உண்மையான மானக்கேடு பின்னால் வந்தது. ஒரு குடம் தண்ணீர், அதில் சிட்டிகைக் கணக்கில் ஒரு வெள்ளை உப்பு, மேலே நாம் எல்லோரும் ஓசியில் சுவாசிக்கும் காற்று. இவ்வளவு போதும், தங்கம் சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறது. புகை இல்லை, கொதிப்பு இல்லை, நிறம்கூட இல்லை. இதைவிட வேடிக்கை, அந்த வெள்ளை உப்பு தங்கத்தைக் கரைக்கும் என்று தெரிந்த பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் மனித குலம் அதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. பார்த்த ஒவ்வொருவரும் வேறு ஏதோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

கதை பெர்லினில், 1706 வாக்கில் தொடங்குகிறது. டீஸ்பாக் என்று ஒரு சாயக்காரர். கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் காய்ச்சுவது அவர் தொழில். அதற்குப் பொட்டாஷ் வேண்டும். கையில் நல்ல பொட்டாஷ் தீர்ந்துபோனதால் டிப்பல் என்பவரிடம் போய் வாங்கினார். பொட்டாஷ் வாங்கும்போது ஆள் யார் என்று விசாரிப்பது நல்லது. யோஹான் கொன்ராட் டிப்பல் பிறந்தது ஃபிராங்கன்ஸ்டைன் கோட்டையில். சத்தியமாகத்தான் சொல்கிறேன், 1673-ல். மதபோதகர், வைத்தியர், ரசவாதி, இடையிடையே சிறைக்கைதி. எலும்பையும் ரத்தத்தையும் இன்னபிற விலங்கு மிச்சங்களையும் வாலையில் இட்டு வடித்து ஒரு நாற்ற எண்ணெய் எடுத்து, சர்வரோக நிவாரணி என்று விற்றவர். 135 வயது வரை வாழும் வழியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அறிவித்ததாகவும் சொல்வார்கள். 1734-ல், 60 வயதில், போய்ச் சேர்ந்தார்.

அவரிடம் இருந்த பொட்டாஷ் அந்த ரத்த எண்ணெயோடு புரண்டு அழுக்கான பொட்டாஷ். மட்டமான சரக்கை டீஸ்பாக் தலையில் கட்டிவிட்டார் மனுஷன். டீஸ்பாக் அதைப் போட்டுச் சிவப்புக்குக் காத்திருந்தார். வெளிறிய ஏதோ வந்தது. அடர்த்தியாக்கலாம் என்று சுண்டக் காய்ச்சினார், அது ஊதாவாகி, பிறகு கண்ணைப் பறிக்கும் நீலமாகிவிட்டது. அதுதான் பிரஷ்ய நீலம். அதுவரை நல்ல நீலம் வேண்டுமென்றால் ஆஃப்கானிஸ்தானிலிருந்து வரும் கல்லை அரைக்க வேண்டும், விலை தங்க விலை. ஓவியர்களுக்குக் கொண்டாட்டம். டிப்பலும் டீஸ்பாக்கும் தொழில் ரகசியத்தைக் காப்பாற்றிக் காசு பார்த்தார்கள். ஆனால் அந்த நீலத்துக்குள் இரும்போடு கட்டிப்போட்டபடி சயனைடு, அதாவது நம் வெள்ளை உப்பின் சாரம், உட்கார்ந்திருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாது. கட்டு இறுக்கமானது என்பதால் நீலத்தால் ஆபத்தும் இல்லை. தாலியம் விஷத்துக்கு இன்று பிரஷ்ய நீலத்தையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். டிப்பலின் கைபட்ட சரக்குகளிலேயே நிஜமாக மருந்தானது அவர் மருந்தென்று விற்காத இது ஒன்றுதான்.

அந்தக் கட்டை அவிழ்த்தவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. சுவீடனில் ஷோப்பிங் என்ற சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். ஆக்ஸிஜனை முதலில் கண்டுபிடித்தவர் அவர், புத்தகம் அச்சாவதற்குள் ப்ரீஸ்ட்லி முந்திக்கொண்டார். குளோரினையும் கண்டுபிடித்தார், அது ஒரு தனிமம் என்பது அவருக்குத் தெரியாமலே போயிற்று. இப்படி நல்ல அதிர்ஷ்டம். 1782-ல் பிரஷ்ய நீலத்தை அமிலத்தோடு சூடாக்கி, வந்த ஆவியைத் தண்ணீரில் பிடித்தார். அதுதான் ஹைட்ரோசயனிக் அமிலம். ஷீலேக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கண்டுபிடித்தாலும் முகர்ந்து பார்த்து நக்கியும் பார்த்துவிடுவார். இதையும் விடவில்லை. வாசனை இப்படி, நாக்கில் பட்டால் லேசான இனிப்பு, வாயில் கொஞ்சம் சூடு என்று சமையல் குறிப்புப் போல எழுதி வைத்திருக்கிறார். உலகத்தின் மிக வேகமான விஷங்களில் ஒன்றுக்கு ருசிக் குறிப்பு எழுதிவிட்டு உயிரோடு இருந்தவர் அவர். அந்தக் குறிப்புகளோடு, இதன் உப்புக் கரைசலில் தங்கமும் கரைகிறது என்பதையும் சேர்த்து எழுதினார். எழுதிவிட்டு அடுத்த பொருளை நக்கப் போய்விட்டார்.

1786-ல், 43 வயதில், உடம்பு முடியாமல் படுத்தார். முன்னாள் கடைக்காரரின் விதவையை, கடை அவளுக்கே போய்ச் சேரட்டும் என்று, சாவதற்கு இரண்டு நாள் முன்னால் கல்யாணம் செய்துகொண்டார். நல்ல மனுஷன். நாக்கைக் கொஞ்சம் அடக்கியிருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார்.

அப்புறம் அரை நூற்றாண்டு ஒன்றும் நடக்கவில்லை. தங்கம் தப்பித்தோம் என்று இருந்தது.

பர்மிங்ஹாமில் ஜான் ரைட் என்ற அறுவை மருத்துவர், ஓய்வு நேரத்தில் மின்முலாம் பூசும் கிறுக்குப் பிடித்தவர், ஷீலேயின் பழைய கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்த வரி கண்ணில் பட்டது. தங்கத்தையும் வெள்ளியையும் பொட்டாசியம் சயனைடில் கரைத்து மின்சாரம் விட்டுப் பார்த்தார். மலிவு உலோகத்தின் மேல் மழமழவென்று, உரியாமல் முலாம் ஏறியது. எல்கிங்டன் என்ற வியாபாரக் குடும்பம் அதை அமுக்கிக்கொண்டு 1840-ல் காப்புரிமை எடுத்தது. பிரபு வீட்டு மேஜையில் மட்டும் இருந்த பளபளப்பு மளிகைக்கடைக்காரர் வீட்டுக்கும் வந்தது. இன்று நம் கல்யாண மண்டபங்களில் கழுத்து கொள்ளாமல் மின்னும் கவரிங் நகைக்கெல்லாம் மூதாதை அதுதான். முலாம் தொட்டியில் இன்றும் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம் தங்க சயனைடு. சம்பந்தி வீட்டார் கண்டுபிடிக்காதவரை கவலை இல்லை.

இந்த முலாம் பைத்தியம் அப்போது யாரையும் விடவில்லை. பின்னாளில் பெரிய மின்சாரக் கம்பெனி தொடங்கிய வெர்னர் ஸீமென்ஸ், 1842-ல் ஒரு துவந்த யுத்தத்துக்குத் துணைக்குப் போன குற்றத்துக்காக மாக்டெபர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். அறைக்குள்ளேயே சோதனைச்சாலை வைத்துத் தங்க முலாம் பூசும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். (அவர் பயன்படுத்தியது சயனைடு அல்ல, வேறொரு உப்பு.) சோதனை சூடுபிடித்த நேரத்தில் மன்னிப்பு ஆணை வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே இருக்கிறேனே என்று மனுப்போட்டார். அரச மன்னிப்பை அவமதிக்கிறாயா என்று கோட்டையை விட்டுத் துரத்திவிட்டார்கள். சிறையிலிருந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்பட்ட விஞ்ஞானி அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

ரஷ்யாவில் ஓர் இளவரசர், பியோத்தர் பக்ரத்தியோன். நெப்போலியனை எதிர்த்து போரோதினோவில் அடிபட்டுச் செத்த தளபதியின் தம்பி மகன், பெயரும் அதே பெயர். பெரியப்பா வழியில் வாளோடு மட்டும் நிற்காமல் இவர் சோதனைக்குழாயையும் தூக்கினார். மின்சாரம் எதுவும் விடாமலேயே சயனைடுக் கரைசலில் தங்கம் தானாகக் கரைகிறதே என்று கவனித்து, 1844-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாதெமியின் இதழில் வெளியிட்டார். தங்கம் தூளாக இருந்தால் வேகமாகக் கரைகிறது என்பதும் அவர் கண்ணில் பட்டது. அந்தக் கடைசிச் சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இளவரசருக்கு அரசாங்க வேலைகள் வந்தன, ரசாயனத்தை விட்டுவிட்டு கவர்னராகிவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து எல்ஸ்னர் என்ற ஜெர்மானியர்தான் நிஜக் குற்றவாளியைப் பிடித்தார். சயனைடு தனியாகத் தங்கத்தை ஒன்றும் செய்வதில்லை. காற்றில்லாத குடுவையில் அடைத்து வைத்தால் தங்கம் அப்படியே இருக்கிறது. காற்றுப் பட்டால்தான் கரைகிறது. ஆக இது கூட்டுச்சதி. நான்கு தங்க அணுவுக்கு எட்டு சயனைடு, ஒரே ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறு, இரண்டு தண்ணீர். ஆக்ஸிஜன் ஒரு பக்கம் நின்று தங்கத்திடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. எலக்ட்ரானை இழந்து தடுமாறும் தங்க அணுவை, இன்னொரு பக்கம், இரண்டு சயனைடுகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விடுகின்றன. சாதாரணத் தண்ணீரில் இந்தப் பிடுங்கல் நடக்காது. மின்வேதியியலில் உலோகங்களுக்கு ஒரு மானப் பட்டியல் உண்டு. அதில் தங்கம் 1.7 வோல்ட் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஆக்ஸிஜனுக்கு எட்டாது. சயனைடு பக்கத்தில் வந்த மாத்திரத்தில் அது பூஜ்யத்துக்கும் கீழே 0.6 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. சும்மா தண்ணீரில் கிடக்கும் இரும்பின் எண்ணே பூஜ்யத்துக்குக் கீழே 0.44-தான். மூவாயிரம் வருஷத்து மகாராஜா துருப்பிடிக்கும் இரும்புக்கும் கீழே.

அடுத்து வந்தவர் மைக்கேல் ஃபாரடே. 1856-ல் அவருக்கு வயது 65, ஞாபக மறதி தொல்லை வேறு. காந்தமும் மின்சாரமும் அலுத்து, ஒளி தங்கத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்று பார்க்கக் கிளம்பினார். தங்கத் தகடு, அதாவது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம் உள்ள ரேக்கு, எதிர் வெளிச்சத்தில் பச்சையாகத் தெரிகிறது. ரேக்கு இன்னும் மெலிசாக வேண்டுமே, எப்படி? சுத்தியலால் அதற்கு மேல் அடிக்க முடியாது. ஃபாரடே ரேக்கைச் சயனைடுக் கரைசலில் மிதக்கவிட்டார். மேலே காற்று, கீழே சயனைடு. மிதந்த ரேக்கு சீக்கிரமே கரைந்து போயிற்று, கரைசலுக்குள் மூழ்கிய ரேக்கு ரொம்ப நேரம் தாக்குப் பிடித்தது. எல்ஸ்னர் சொன்னதற்கு இதைவிட அழகான நிரூபணம் கிடையாது. ஆனால் ஃபாரடேக்கு அது வெறும் ரேக்கு தேய்க்கும் வேலை. உலகத்தின் தங்கச் சுரங்கங்களுக்கெல்லாம் சாவியை அவர் உப்புத்தாளாகப் பயன்படுத்தினார்.

அதே ஆராய்ச்சியில் அவர் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது. தங்க உப்பின் கரைசலைப் பாஸ்பரஸைக் கொண்டு ஒடுக்கினார். கிடைத்தது மாணிக்கச் சிவப்பில் ஒரு திரவம். தங்கத்துக்கும் சிவப்புக்கும் என்ன சம்பந்தம்? இதற்குள் தங்கம் கரைந்திருக்கவில்லை, கண்ணுக்கும் அந்தக் கால நுண்ணோக்கிக்கும் தெரியாத அளவு பொடிப்பொடியான துகள்களாக மிதக்கிறது, அந்தச் சிறுமைதான் சிவப்புக்குக் காரணம் என்று 1857 பிப்ரவரியில் ராயல் சொசைட்டி உரையில் சொன்னார். இன்று நாம் நானோ துகள் என்று தனிப் பிரிவு வைத்து, தனிக் கட்டடம் கட்டி, தனி மானியம் கேட்கும் சரக்கு அதுதான். அவர் தயாரித்த புட்டிகள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னும் சிவப்பு மாறாமல் இருக்கின்றன.

டீஸ்பாக் தேடிய சிவப்பு இப்படி ஃபாரடேயிடம் வந்து சேர்ந்தது. அந்தச் சிவப்புத் தங்கத்தைச் சயனைடு என்ன செய்யும் என்பதை இன்று எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் பார்க்கலாம். கையுறை, புகைக்கூண்டு, மேற்பார்வைக்குப் பேராசிரியர் எல்லாம் இருந்தால்.

ஒரு குடுவையில் ரோஸ்மில்க் நிறத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தியாகத் தங்க நானோ கரைசல். ஒவ்வொரு துகளும் 13 நானோமீட்டர் என்று வையுங்கள், அதில் சுமார் 68 ஆயிரம் தங்க அணுக்கள். கேட்கப் பெரிய கூட்டம்தான். ஆனால் பத்தில் ஒன்று மேல்தோலில் நிற்கிறது. துகளை 2 நானோமீட்டருக்குச் சுருக்கினால் அணுக்கள் 250 தான், அவற்றில் பாதிக்கு மேல் வெளியே நின்று தாக்குதலை எதிர்கொள்கின்றன. ஒரு கிராம் தங்கத்தைச் சின்னக் கட்டியாக வார்த்தால் அதன் மேற்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்கூடத் தேறாது. அதே ஒரு கிராமை 10 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 31 சதுர மீட்டர், நம் கணக்கில் 330 சதுர அடிக்கு மேல். சென்னையில் அந்த அளவை ஒற்றைப் படுக்கையறை வீடு என்று கூசாமல் விற்பார்கள். இவ்வளவு இடத்திலும் ஒரே நேரத்தில் ஆக்ஸிஜன் பிடுங்க, சயனைடு அழைத்துப்போக, தங்கம் எவ்வளவு நேரம் தாங்கும்?

சயனைடு விழுந்ததும் வெடிப்பு, குமிழி ஒன்றும் இல்லை. சிவப்பு ரோஸ் ஆகிறது, ரோஸ் வெளிறுகிறது, பிறகு வெறும் தண்ணீர். தங்கம் எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது, நிறமில்லாத அயனியாக. குடுவையை இறுக மூடி, உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டால் வெளிறுவது பாதியில் நின்றுவிடும். திறந்து ஒரு குலுக்குக் குலுக்கினால் மறுபடி தொடரும். தண்ணீரில் அறை வெப்பத்தில் கரையும் ஆக்ஸிஜன் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் சொச்சம்தான். அதனால்தான் சயனைடை அள்ளி அள்ளிக் கொட்டினாலும் ஒரு அளவுக்கு மேல் வேகம் கூடாது. எட்டு மில்லிகிராம் ஆசாமி வைத்ததுதான் சட்டம்.

துகளின் உருவத்தையும் சயனைடு பார்க்கிறது. உருண்டையாக இல்லாமல் நீளவாக்கில் இருந்தால் முனையில்தான் முதல் கடி. முனைகள் தேய்ந்து தேய்ந்து நீள்துகள் உருண்டையாகிறது, நிறமும் கூடவே மாறுகிறது. கந்தகத் தலையும் கரிமச் சங்கிலி வாலும் உள்ள மூலக்கூறுகளைத் துகளைச் சுற்றிப் போர்த்திவிட்டால் சயனைடுக்கு உள்ளே நுழையச் சிரமம். வால் நீளமாக நீளமாகக் கரைவது தாமதமாகிறது. தண்ணீரில் சயனைடு கலந்திருக்கிறதா என்று பார்க்கவும் இந்தச் சிவப்பையே வைக்கிறார்கள். சிவப்பு மறைந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். துத்தன்காமுன் முகத்தை மூவாயிரம் வருஷம் காத்தது இன்று தன் உயிரை விட்டு நமக்குச் சகுனம் சொல்கிறது.

மறுபடி 1880-களுக்குப் போவோம். கிளாஸ்கோவில் ஜான் ஸ்டூவர்ட் மக்ஆர்தர் என்ற ரசாயனர், அவருக்குப் பணமும் இடமும் கொடுத்த ஃபாரஸ்ட் என்ற டாக்டர் சகோதரர்கள் இருவர். டாக்டர்களின் வைத்தியசாலைக்குக் கீழே நிலவறையில் ஆராய்ச்சி. மேலே நோயாளிகள் இருமிக்கொண்டிருக்க, கீழே மூவரும் தாதுவிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்க ஒவ்வொரு கரைசலாக ஊற்றிப் பார்த்தார்கள். 1886-ல் ஒருநாள் சயனைடையும் ஊற்றினார்கள். தங்கம் கரைந்ததா என்று தெரிந்துகொள்ள, வடிகட்டிய கரைசலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடைச் செலுத்தினார்கள். தங்கம் இருந்தால் கறுப்பாகப் படிய வேண்டும். ஒன்றும் படியவில்லை. சரி, இது உதவாது என்று ஓரங்கட்டிவிட்டார்கள்.

உண்மையில் தங்கம் முழுக்கக் கரைந்து அந்தக் குடுவைக்குள் ஜாலியாகத்தான் இருந்தது. சயனைடு கையைப் பிடித்துவிட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடால் அதை விடுவிக்க முடியாது. திருடன் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, தவறான கேள்வியைக் கேட்டு அனுப்பிவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் வேறு எதையெல்லாமோ ஊற்றித் தோற்ற பிறகு மக்ஆர்தருக்குப் பொறி தட்டியது. கரைசலைச் சோதிப்பதை விடு, மிஞ்சிய மண்ணைச் சோதி. மண்ணில் தங்கம் இல்லை! இல்லையென்றால் கரைசலில்தானே இருக்க வேண்டும்? 1887 அக்டோபர் 19-ல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போய்விட்டது. கரைந்ததைத் திரும்பப் பிடிக்கத் துத்தநாகச் சுருள் என்பது அடுத்த வருஷத்துக் காப்புரிமை. துத்தநாகத்துக்குத் தங்கத்தைவிட எலக்ட்ரானைக் கொடுக்கும் தாராள மனசு, அது கரைந்து தங்கத்தை வெளியே தள்ளிவிடும்.

அவருடைய சாமர்த்தியம் இன்னொன்று, கரைசலை நீர்க்க வைத்தது. நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவான சயனைடு போதும், அது மற்ற குப்பைகளை விட்டுவிட்டுத் தங்கத்தையும் வெள்ளியையும் பார்த்துக் கரைக்கும் என்றார். கூடவே சுண்ணாம்பு போட்டுக் காரத்தன்மையைக் காக்க வேண்டும். இல்லாவிட்டால் சயனைடு வாயுவாகக் கிளம்பும், அப்புறம் தங்கத்தை எடுக்க ஆள் இருக்கமாட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவின் ராண்டில் அப்போது ஓலம். 1886-ல் ஜார்ஜ் ஹாரிசன் என்பவர் அங்கே தங்கப் பாறையைக் கண்டுபிடித்து, தன் பங்கைப் பத்து பவுனுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார். வழியில் சிங்கம் அடித்துவிட்டது என்று ஒரு கதை உண்டு. சிங்கம் சாப்பிட்டிருக்காவிட்டாலும், பத்து பவுன் கணக்கு பிற்காலத்தில் அவரைச் சாப்பிட்டிருக்கும். ராண்டின் தங்கம் கண்ணுக்குத் தெரியாத பொடி. பூமியின் மேலடுக்கில் பாறை உளுத்துப் போயிருந்ததால் பாதரசம் பூசிய தகட்டில் தங்கம் ஒட்டியது. கொஞ்சம் ஆழம் போனதும் கந்தகக் கல்லான பைரைட் வந்தது. பாதரசம் கைவிரித்துவிட்டது. பங்குகள் தலைகுப்புற விழுந்தன, ஜோஹன்னஸ்பர்க்கைக் காலி செய்துகொண்டு ஜனம் கிளம்பியது. 1890-ல் மக்ஆர்தர் ஆட்கள் வந்து தொட்டி கட்டிக் காட்டினார்கள். அந்த வருஷம் சயனைடு வழியில் கிடைத்த தங்கம் சில நூறு அவுன்ஸ், 1893-ல் மூன்று லட்சம் அவுன்ஸுக்கு மேல். ஓடிய ஜனம் மூட்டையோடு திரும்பி வந்தது.

தங்கம் கொட்ட ஆரம்பித்ததும் சுரங்க முதலாளிகளுக்குத் திடீரென்று சரித்திர ஞானம் பிறந்தது. காப்புரிமைத் தொகை கட்டச் சொன்னால் யாருக்குத்தான் பிறக்காது? ஷீலே அன்றே சொன்னார், எல்கிங்டன் சொன்னார், பக்ரத்தியோன் சொன்னார், ஃபாரடே சொன்னார், 1867-ல் ரே என்ற அமெரிக்கரும் 1885-ல் சிம்ப்சன் என்ற இன்னொருவரும் காப்புரிமையே எடுத்தார்கள், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று நீதிமன்றம் போனார்கள். நூறு வருஷமாக ஒருவரும் பயன்படுத்தாத ஞானம் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் எப்போதோ தெரிந்த ஞானமாகிவிட்டது. 1895-ல் இங்கிலாந்தில் காப்புரிமை அடிபட்டது, 1896-ல் டிரான்ஸ்வால் நீதிமன்றம் ரத்து செய்தது. நியூஸிலாந்து அரசாங்கம் மட்டும் கௌரவமாகப் பத்தாயிரம் பவுன் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டது. மக்ஆர்தர் பிற்காலத்தில் ஸ்காட்லாந்தில் ரேடியம் தயாரிக்கப் போனார், 1920-ல் இறந்தார். உலகத்துத் தங்கத்தில் பெரும்பகுதி அவர் வழியில் கரைந்துதான் வெளியே வந்தது. அவர் கைக்கு வந்தது சொற்பம்.

சுண்ணாம்பு, தொட்டி, அணை எல்லாம் சரியாக இருக்கும்வரை சரி. 2000 ஜனவரி 30-ல் ருமேனியாவின் பையா மாரேயில் கழிவுக்குட்டையின் கரை உடைந்து, ஒரு லட்சம் கனமீட்டர் சயனைடு நீர் ஆற்றில் இறங்கியது. ஹங்கேரியில் டிஸா ஆற்றில் மீன்கள் டன் கணக்கில் மிதந்தன. இந்தக் கதையில் சிரிக்க முடியாத பக்கம் இதுதான்.

தங்கமும் சும்மா இருக்கவில்லை. பொடியாக இருந்தால் சீக்கிரம் கரைந்துவிடுவோம் என்பதால், கல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அமெரிக்காவின் நெவாடாவில் கார்லின் என்ற இடம். கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்கள் அந்த வட்டாரத்தை மிதித்துக்கொண்டு நடந்தார்கள், சட்டியில் அரித்தும் பார்த்தார்கள், ஒன்றும் மின்னவில்லை. 1961-ல் நியூமாண்ட் கம்பெனியின் நிலவியலாளர்கள் பாறையை ஆய்வகத்துக்கு அனுப்பியபோதுதான் தெரிந்தது, தங்கம் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. பைரைட்டுக்குள் ஐந்து பத்து நானோமீட்டர் துகள்களாகப் பதுங்கியிருந்ததைப் பின்னாளில் மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். அதாவது ஃபாரடே புட்டியில் இருப்பதுபோன்ற சரக்கு, கல்லுக்குள். வெளியே வந்தால் நொடியில் கரையும், ஆனால் பைரைட் கதவைத் திறக்காமல் சயனைடால் உள்ளே போக முடியாது. கல்லை வறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆக்ஸிஜனோடு பிரஷர் குக்கரில் வேகவைக்க வேண்டும். மலையளவு பிரஷர் குக்கர்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. கோலார் தங்க வயலில் ஜான் டெய்லர் கம்பெனியும் ராண்டைப் பார்த்துச் சயனைடு தொட்டிகளைக் கட்டியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டிய பாறை, மேலே மாவாக அரைபட்டுச் சயனைடில் ஊறி, தங்கத்தைக் கொடுத்துவிட்டு வெளுத்த மண்ணாகக் கொட்டப்பட்டது. நூறு வருஷத்தில் அது மலையாகிவிட்டது. இன்றும் சயனைடு மலை என்றுதான் பெயர். மாரிக்குப்பத்திலோ ராபர்ட்சன்பேட்டையிலோ காற்றடி காலத்தில் துணி காயப்போட்டுப் பாருங்கள், துவைத்ததைவிடச் சாம்பலாக எடுப்பீர்கள். உதறினால் மாவாகக் கொட்டும், பல்லில் நறநறக்கும். சயனைடு வெயிலில் எப்போதோ சிதைந்து போயிற்று, மிச்சம் இருப்பது நுரையீரலுக்கு ஆகாத தூசி. சினிமாக்காரர்களுக்கு மட்டும் அந்த மலைகள் மேல் தீராத காதல். வில்லன் நடந்து வர அதைவிட நல்ல மண் கிடையாது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். மலை அங்கேயே இருந்தது, 3.3 கோடி டன் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தக் காலத்து ஆலையில் அரைபடாத கல்துணுக்குக்குள் சயனைடுக்குச் சிக்காத தங்கம் இன்னும் கொஞ்சம் பதுங்கியிருக்கிறது. 2024-ல் கர்நாடக அமைச்சரவை 13 மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்குச் சம்மதம் சொன்னது. எடுப்பவர் செய்யப்போவது என்ன? தாத்தாக்கள் அரைத்த மண்ணை இன்னும் கொஞ்சம் நைஸாக அரைத்து, சுண்ணாம்பு கலந்து, காற்றூதி, திரும்பவும் சயனைடில்தான் ஊறப்போடுவார்.